வாரத்துக்குக் கால் இஞ்ச்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து ஆளாளுக்கு ஒரு மூலையில் சாய்ந்த பிறகு மூத்தவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். அடுப்பு ஒன்று, இஸ்திரிப் பெட்டியும் ஒன்று. "அண்ணி கை பட்டாத்தான் சட்டை சட்டையா இருக்கு" என்று கொழுந்தன் எப்போதோ ஒருநாள் சொல்லிவைத்தான். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு குடும்பத்துத் துணியும் அவள் தலையில் வந்து விழுந்தது. பத்து வருஷமாக விழுந்துகொண்டே இருக்கிறது.

அன்றைக்கு இளையவளின் யூனிஃபார்ம் ஐந்து செட்டும் கொடியிலிருந்து வந்து குவிந்து கிடந்தது. சாம்பல் நிறப் பேண்ட், வெளிர்நீலச் சட்டை. இளையவள், அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் நிற்கிறவள். காலர் கொஞ்சம் மடங்கியிருந்தாலும் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லுவாராம். மூத்தவள் முதல் பேண்டை எடுத்து உதறினாள். இஸ்திரி மேஜையில் விரிக்காமல் முன்னறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். முன்னறைதான் அவள் தையற்கடை. இடுப்புப் பட்டியைப் பின்பக்கம் நடுவில் பிரித்தாள். பின் தையலில் கால் இஞ்ச் உள்ளே பிடித்து, சாம்பல் நூலில் ஓர் ஓட்டு ஓட்டி, பட்டியை மறுபடி மூடினாள். எட்டு நிமிஷ வேலை. ஆவி காட்டி அழுத்தியதும், தைத்தவள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்து பேண்டையும் முடித்துவிட்டுச் சட்டைகளை எடுத்தாள். பக்கத் தையலில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

"அனுபவிடி," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

இப்படி ஒரு புத்தி அவளுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஏழு வருஷத்துக் கதை அது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் நூற்று இருபத்தொரு கிலோ இருந்தாள். மெஷினுக்கு முன்னால் போட்டிருந்த ஸ்டூல் மூன்று தடவை கால் உடைந்தது. முழங்கால் வீங்கி, மெஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் வைத்தாள். சர்க்கரை, பிரஷர் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன. கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டாள். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் போலத் தைத்துவிட்டார்கள். "ஒட்டுத்துணிய வச்சுப் பை தைக்கிற மாதிரி" என்று டாக்டர் விளக்கினார். டெய்லரிடம் பேசுகிறோம் என்று அவருக்கு நினைப்பு.

ஒன்றரை வருஷத்தில் ஐம்பத்து மூன்று கிலோ இறங்கியது. கடைக்கு வருகிற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். "டெய்லரக்கா, என்ன பண்ணீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று அளவு கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்துகொண்டார்கள். "காலைல நடக்கிறேன், ராத்திரி சோத்த விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நடந்ததும் நிஜம், சோற்றை விட்டதும் நிஜம். ஆபரேஷனை மட்டும் சொல்லவில்லை. வீட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அந்த நான்கு பேரில் இளையவளும் ஒருத்தி என்பதுதான் கெட்ட காலம்.

மெலிந்த புதிதில் மூத்தவள் தனக்கென்று பன்னிரண்டு சட்டை தைத்தாள். எந்த டெய்லரும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டுமே. மூத்தவள் அந்தப் பன்னிரண்டிலும் உள்துணியைத் தையலை ஒட்டியே வெட்டி எறிந்தாள். இனிமேல் அதற்கு அவசியமில்லை என்று அவ்வளவு தைரியம்.

நான்காம் வருஷம் உடம்பு திரும்ப ஏற ஆரம்பித்தது. சோறு நான்கு வாய்க்கு மேல் இறங்காது. இறைச்சி தொண்டைக்குக் கீழேயே நின்றுகொள்ளும். ஆனால் டீயில் நனைத்த பிஸ்கட்டுக்கு அந்த வயிறு எந்தக் கேள்வியும் கேட்காமல் வழிவிட்டது. மெஷின் பக்கத்தில் டப்பா இருக்கும். ஒரு பேண்டுக்கு இரண்டு, ஒரு சட்டைக்கு ஒன்று. ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாதவள் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். எழுபத்து நான்கு ஆயிற்று, எண்பத்து மூன்று ஆயிற்று. வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். போனால் முதலில் எடை மெஷினில் ஏற்றுவார்கள். போவதை நிறுத்திவிட்டாள். தொண்ணூற்றொன்றில் வந்து நின்றபோது அந்தப் பன்னிரண்டு சட்டைக்கும் பக்கவாட்டில் வேறு துணி வைத்து ஒட்டுப்போட்டாள். நீலத்துக்குக் கறுப்பு, மஞ்சளுக்குப் பழுப்பு. "புது டிசைனா அக்கா?" என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றாள்.

போன வருஷம் ஒருநாள் இளையவள் கடைக்கு நடுவில் நின்றுகொண்டு, "நடந்தாங்களா? யாரு சொன்னா? வயித்த வெட்டி எடுத்தாங்க. நான்தான் ஆஸ்பத்திரில கூட இருந்தேன்" என்று போட்டு உடைத்தாள். கூட இருந்தது உண்மைதான், ஒரு மத்தியானம். அதற்கப்புறம் அளவு கொடுக்க வருகிறவர்கள் டிப்ஸ் கேட்பதில்லை. அவள் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு சுவரைப் பார்ப்பார்கள்.

அதையும் பொறுத்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. ஸ்கூல் டீச்சர் ஒருத்தி சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, "எனக்கும் இடுப்புல போட்டுக்கிட்டே போகுது அக்கா" என்று அலுத்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்த இளையவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அவங்ககிட்ட எதுக்கு டீச்சர் சொல்றீங்க? அவங்க ஆபரேஷனுக்கே கேரண்டி முடிஞ்சு போச்சு. கார்டைத் தேடிக்கிட்டு இருக்காங்க."

டீச்சர் சிரித்தாள். துணியைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருத்தி சிரித்தாள். மூலையில் பட்டன் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த காஜாக்காரர், எட்டு வருஷமாக இவள் கையால் டீ வாங்கிக் குடிக்கிற மனுஷன், அவரும் சிரித்தார். மூத்தவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? ராத்திரியெல்லாம் கறுவிக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாம் வாரம் இன்னொரு கால் இஞ்ச். மூன்றாம் வாரம் இன்னொன்று. மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலையில் மாடியில் அலமாரிக் கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது. "என்னங்க, இந்தத் தண்ணில துணி சுருங்குமா?" என்று கேட்டாள் இளையவள். "எனக்குச் சுருங்கலையே" என்றான் கொழுந்தன். கீழே அடுப்படியில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த மூத்தவளுக்கு அந்த ஒரு பதில் போதும்; அன்றைக்கெல்லாம் மனசு குளுகுளுவென்று இருந்தது.

நான்காம் வாரம் இளையவள் தட்டில் சோறு பாதியாயிற்று. ஐந்தாம் வாரம் இரவில் ஒரு ஆப்பிளோடு எழுந்துவிட்டாள்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று மூத்தவள் கேட்டாள். கேட்கும்போதே உள்ளுக்குள் தேன் சொட்டியது.

"ஒண்ணுமில்லக்கா. பசிக்கல."

"கொஞ்சம் போட்டுக்கோயேன். வயசுதானே, தாங்கும்."

"வேணாம்க்கா!"

அந்த 'வேணாம்க்கா'வில் இருந்த பதற்றம் மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை விருந்தில், எத்தனை பேர் கரண்டியோடு முன்னால் நின்றபோது அதே குரலில் அவளும் சொல்லியிருக்கிறாள். இப்போது அது இன்னொருத்தி வாயிலிருந்து வந்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வஞ்சம் வைத்த நாள் முதல் மூத்தவளுக்குப் பிஸ்கட் டப்பாவின் ஞாபகமே வரவில்லை. கை எப்போதும் வேலையாக இருந்தது, மனசும் வேலையாக இருந்தது.

ஏழாம் வாரம் புதன்கிழமை மத்தியானம் இளையவள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குள் வந்தாள். காஜாக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, வெட்டுமேஜையில் சாய்ந்து நின்றாள். பேண்டின் மேல்கொக்கியைப் போட முடியாமல் ஒரு ஊக்கைக் குத்தியிருந்தாள். மூத்தவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்து ரசித்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். யாருக்கும் சொல்லாதீங்க."

"சொல்லு."

"நான் குண்டாயிட்டேனா?"

"லேசா. கேட்டதுனால சொல்றேன்."

"அதான்க்கா இல்ல." இளையவள் குரல் உடைந்தது. "ஹோட்டல் ஜிம்ல தினம் எடை பாக்குறேன். நாலு கிலோ குறைஞ்சிருக்கு. முகமெல்லாம் ஒட்டிப்போச்சுன்னு கூட வேலை பாக்குறவ சொல்றா. ஆனா இடுப்பு மட்டும் வாராவாரம் பெருத்துக்கிட்டே போகுது. வயித்துக்குள்ள என்னமோ வளருதுக்கா."

மூத்தவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சும்மா எதையாவது சொல்லாத."

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான்க்கா இருந்துச்சு. ஆள் இளைச்சுக்கிட்டே போனாங்க, வயிறு மட்டும் பெருத்துச்சு. கட்டின்னு கண்டுபிடிச்சப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. மூணே மாசம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணின அதே ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர்கிட்ட சொல்ல பயமா இருக்கு. நீங்க கூட வர்றீங்களா?"

அந்த இடத்தில் மூத்தவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். சொன்னால் புருஷன் என்ன சொல்லுவான், கொழுந்தன் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் பாதி. இன்னும் மூன்று நாள் கிடந்து துடிக்கட்டுமே என்ற எண்ணம் பாதி. மறைப்பானேன், இரண்டாவது பாதிதான் கொஞ்சம் பெரியது.

"வர்றேன்," என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். மருந்து வாசனை கொஞ்சம்கூட மாறவில்லை. இளையவள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அக்கா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பொண்ண நீங்கதான் பாத்துக்கணும்."

"வாயைக் கழுவு. ஒண்ணும் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூத்தவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கேரண்டி கார்டுன்னு சொன்னேன்ல," என்று இளையவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது தப்புக்கா. உடம்பு நம்ம பேச்சைக் கேக்காதப்ப எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. இனிமே சத்தியமா அப்படிப் பேச மாட்டேன். மன்னிச்சிருங்க."

ஏழு வாரம் எதைக் கேட்பதற்காக மூத்தவள் காத்திருந்தாளோ அது காதில் விழுந்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் பேர் கூப்பிட்டு இளையவளை உள்ளே அழைத்துப் போனார்கள்.

தனியாக உட்கார்ந்திருந்தவளை ஒரு நர்ஸ் அடையாளம் கண்டுகொண்டாள். ஆபரேஷன் சமயத்தில் எடைக்குறைப்புப் பிரிவில் இருந்த அதே பெண். இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

"டெய்லரம்மா! மூணு வருஷமா ஆளையே காணோம். போன் பண்ணினாலும் எடுக்கல."

"வேலை சிஸ்டர்."

"ஏறிருச்சா?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று மூத்தவள் எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டினாள். நர்ஸ் கையைப் பிடித்து எழுப்பி எடை மெஷினில் நிறுத்தினாள். எண்பத்தொன்பது. நர்ஸ் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா ஒளிஞ்சீங்க? இங்க வர்றவங்கள்ல நிறையப் பேருக்குக் கொஞ்சமாவது ஏறத்தான் செய்யும். வயிறு விரியும், பசி திரும்பி வரும். இழந்ததை எப்படித் திருப்பி எடுக்கலாம்னு உடம்பு பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க என்னமோ திருடிட்ட மாதிரி நிக்கிறீங்க."

"எல்லாரும் மனக்கட்டுப்பாடு இல்லன்னு சொல்றாங்க."

"சொல்றவங்க வயித்தையும் வெட்டிப் பாக்கலாம். வியாழக்கிழமை வாங்க. டாக்டரப் பாருங்க, சாப்பாட்டுக்கு ஒருத்தங்க இருக்காங்க அவங்களையும் பாருங்க. தேவைன்னா மருந்து இருக்கு. இருபத்தொரு கிலோ ஏறிருச்சுன்னு அழுறீங்களே, மிச்சம் முப்பத்திரண்டு இன்னும் ஏறாமத்தானே இருக்கு?"

அந்தக் கணக்கை மூத்தவள் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. "எல்லாம் சுத்தமா இருக்கு, நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். இளையவள் வராந்தாவிலேயே மூத்தவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் தோள் எலும்பு மூத்தவளின் கழுத்தில் குத்தியது. இவ்வளவு மெலிந்துவிட்டாளா என்று மூத்தவள் அப்போதுதான் பயந்தாள். போதும், இத்தோடு விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் ஞாயிறு. பிடிப்பது சுலபம், பிரித்துவிடுவதுதான் வேலை. ஏழு வாரத் தையலையும் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது துணியில் ஏழு வரிசை ஊசித்தடம் பல்லிளித்தது. ஒவ்வொரு தடத்தையும் நகத்தால் நீவி, ஈரத்துணி போட்டு ஆவி கொடுத்து, மறுபடி நீவினாள். ஐந்து செட்டையும் முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. விரல்நுனி வெந்துபோயிருந்தது. தண்டனை என்று நினைத்துக்கொண்டு செய்தாள். வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தாள். பிஸ்கட் டப்பாவில் ஊசியும் பட்டனும் போட்டுவைத்தாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். தைத்த சட்டையை வாங்க வந்த டீச்சர், அவள் தங்கை, அளவு கொடுக்கக் காத்திருந்த மருந்துக்கடைக்காரம்மா. மூத்தவள் காத்திருந்தவளின் தோளில் டேப்பை வைத்திருந்தாள். இளையவள் வேலை முடிந்து துள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பேண்ட் இடுப்பில் தொளதொளவென்று நின்றது.

"அய்யோ, எப்படி இவ்வளவு மெலிஞ்சீங்க!" என்றாள் டீச்சர்.

இளையவள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். இடுப்புப் பட்டியை இழுத்து, உள்ளே முழுக் கையை விட்டுக் காட்டினாள்.

"ரெண்டு இஞ்சுக்கு மேல டீச்சர்! ஹோட்டல்ல எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. கத்தியும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல. மனக்கட்டுப்பாடு, அவ்வளவுதான். வாயைக் கட்டினா எல்லாம் கட்டுப்படும்." மூத்தவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அக்காகிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அவங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி வெட்டினாங்க, அதுவே திரும்ப முளைச்சிருச்சு."

டீச்சர் சிரித்தாள்.

மூத்தவள் டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தாள். குரல் நிதானமாகவே வந்தது.

"அந்தப் பேண்டைக் கழட்டி உள்பக்கம் திருப்பிப் பாரு."

"எதுக்குக்கா?"

"பின் தையல் பக்கத்துல வரிசையா ஊசித்தடம் இருக்கும். ஏழு. எண்ணிக்கோ. ஏழு ஞாயித்துக்கிழமை, வாரத்துக்குக் கால் இஞ்ச். உன் இடுப்பைப் பெருக்க வச்சதும் நான்தான், குறைய வச்சதும் நான்தான்."

இளையவள் சிரித்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது.

"வெளையாடாதீங்க."

"நீ ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனது மனக்கட்டுப்பாட்டுல இல்ல, பயத்துல. அந்தப் பயத்தை இந்த மெஷின்ல உக்காந்து நான் தச்சேன். உன் வயித்துல கட்டின்னு நீ அழுதப்பவும் எனக்குத் தெரியும். சொல்லல. ஆஸ்பத்திரில என்கிட்ட என்ன சத்தியம் பண்ணுன? இருபது நாள் தாங்கல உனக்கு."

"அக்கா..." இளையவளின் கை பின்பக்கம் போய்த் தையலைத் தடவியது. விரல் எங்கேயோ ஓரிடத்தில் நின்றது. "நான் செத்துப்போயிருவேன்னு நெனச்சேனே. என் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். எனக்கு இருபத்தொரு கிலோ திரும்ப ஏறிருச்சு. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன், மருந்து சாப்பிடுறேன், குறைஞ்சாலும் குறையும், குறையாமலும் போகும். அது என் உடம்பு. அதைப் பத்தி இனிமே இந்தக் கடைல யாராவது பேசினா அவங்க அளவும் என் கைலதான் இருக்கு."

இளையவள் அழுதுகொண்டே மாடிப்படி ஏறி ஓடினாள். மேலே கதவு அறைந்து சாத்திக்கொண்டது. இன்னும் கால்மணி நேரத்தில் கொழுந்தன் இறங்கி வருவான், புருஷன் வருவான், வீடு இரண்டாகும். மூத்தவளுக்கு அது தெரியும். தெரிந்தும் உள்ளே ஒரு நிறைவு. எப்பேர்ப்பட்ட விருந்திலும் இந்த ஏழு வருஷத்தில் அவள் அப்படி வயிறு நிறைந்து எழுந்ததில்லை.

காத்திருந்தவளின் அளவைத் தொடரலாம் என்று டேப்பை எடுத்துத் திரும்பினாள். டீச்சரின் வலது கை மெதுவாகத் தன் சட்டையின் பக்கத் தையலுக்குப் போயிற்று. அவள் தங்கையின் கையும் போயிற்று. மருந்துக்கடைக்காரம்மா தன் இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் டீச்சர். "ரெண்டு மாசத்துக்கு முந்தி எனக்கு இடுப்புல போடுதுன்னு சொன்னேன்ல... அதுவும் நீங்கதானா?"

மூத்தவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். டீச்சரின் உடம்பு தானாகப் போட்டதுதான். சொன்னால் நம்பமாட்டாள், நம்பவைக்கவும் அந்த நேரத்தில் மூத்தவளுக்கு மனமில்லை. அன்றைக்குச் சிரித்தவள்தானே, இருக்கட்டும். மருந்துக்கடைக்காரம்மா மேஜையிலிருந்த தன் துணிப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மூலையில் காஜாக்காரர் ஊசியை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் தன் சட்டையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.